அம்பை எடுத்துக் கொடுப்பவருக்கும் பங்குண்டு



ஓர் அம்பின் பொருட்டு மூவருக்கு நற்கூலி உண்டு என்னும் கருத்தமைந்த நபிமொழி ஒன்று, உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. நன்மையை நாடி அதைச் செய்தவர் ஒருவர். அதை எய்தவர் ஒருவர். எய்பவரின் கையில் அதை எடுத்துக் கொடுத்தவர் மூன்றாமவர். செய்தவருக்கும் எய்தவருக்கும் பங்கிருப்பது எளிதில் விளங்குகிறது. எடுத்துக் கொடுத்தவர் அப்படி என்ன செய்துவிட்டார்?

அந்த நபிமொழியின் சூழல் வேறு. நாம் வாழும் சூழல் வேறு. எனினும், எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி, அம்பை எடுத்துக் கொடுப்பவரின் பொறுப்பு எத்தகையது என்பதை எனக்கு உணர்த்தியது. பிள்ளைகளுக்கு வில்லும் அம்பும் வாங்கிக் கொடுக்கும் ஆர்வம் நம் இல்லங்களில் பெருகிவரும் இக்காலத்தில், அதைச் சொல்வது பயன் தரும் என நம்புகிறேன்.

பரணுக்குப் போன வில்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில், மணமேல்குடிக்கு அருகே எங்கள் ஊர். வளைகுடா நாட்டில் பணிபுரியும் என் மைத்துனர் விடுமுறையில் வந்தபோது, பதின்மூன்று வயதான என் மகனுக்கு ஒரு வில்லும் ஆறு அம்புகளும் வாங்கி வந்தார். வில் 20 பவுண்டு இழுவிசை கொண்டது, சிறுவனுக்குத் தகுந்ததே. அம்புகளோ கார்பன் அம்புகள். “உள்ளதிலேயே உறுதியானதைக் கொடுங்கள்” என்று கேட்டு, கூடுதல் விலை கொடுத்து வாங்கியதாக அவர் பெருமையுடன் கூறினார்.

தென்னந்தோப்பில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, பின்னால் மண்மேடு இருக்கும்படி இலக்கை அமைத்தோம். பையன் எய்தான். அம்பு இடப்புறம் விலகித் தைத்தது. மீண்டும் எய்தான், மீண்டும் இடப்புறம். ஒவ்வொரு முறையும் அம்பின் வால் வில்லில் மோதி ‘டக்’கென்று ஓசை எழுந்தது. மாமா பொறுமை இழந்தார். “கவனம் இல்லை, கை நடுங்குகிறது” என்றார். அத்தாவாகிய நானும் என் பங்குக்குக் கடிந்துகொண்டேன். பத்து நாட்களில் வில் பரணுக்குப் போயிற்று. பையன் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டான்.

சில வாரங்கள் கழித்து, உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். வில்லைக் கீழே இறக்கச் சொன்னார். பையனின் கையைப் பார்க்கவில்லை, நிற்கும் முறையைப் பார்க்கவில்லை; முதலில் அம்பைத்தான் கையில் எடுத்தார். தண்டில் அச்சிட்டிருந்த 400 என்ற எண்ணைப் படித்துவிட்டு, “பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். இந்த வில்லுக்கு இந்த அம்பு வளையாது” என்றார்.

அம்பு வளைய வேண்டுமா? எங்களுக்கு வியப்பாக இருந்தது. உங்களுக்கும் அப்படியே இருக்கக்கூடும்.

நேராகச் செல்ல வளைய வேண்டும்

விரல்களால் நாணை இழுத்து விடும்போது, நாண் விரல் நுனிகளில் உருண்டு சற்றே பக்கவாட்டில் விலகிப் பின்னரே முன்னோக்கிப் பாய்கிறது. அந்த நொடியில் அம்பின் பின்முனை வேகமாகத் தள்ளப்படுகிறது. முன்முனையோ தன் எடையால் தயங்குகிறது. இரண்டிற்கும் இடையே அகப்பட்ட தண்டு வளைகிறது. வளைந்து, நிமிர்ந்து, மறுபுறம் வளைந்து, மீன் நீந்துவதுபோல் வில்லின் கட்டையைச் சுற்றிக்கொண்டு கடந்து செல்கிறது. வில்லைக் கடந்த பின்னரும் சிறிது தூரம் இந்த அதிர்வு நீடித்து, மெல்ல அடங்குகிறது.

இவையெல்லாம் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு என்னும் அளவிலான நேரத்தில் நடந்து முடிவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. வில்லாளரின் முரண் என இதற்குப் பெயர் சூட்டியவர் அமெரிக்கரான ராபர்ட் எல்மர். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்னும் அறிவியலாளர் அதிவேகப் படக்கருவியால் இதைப் படம்பிடித்து உறுதி செய்தார்.

ஆகவே, அம்பின் வளைவும் வில்லின் விசையும் ஒத்திசைய வேண்டும். தண்டு மிக விறைப்பாக இருந்தால் போதிய அளவு வளையாது. அதன் வால் வில்லில் மோதும். வலக்கைப் பழக்கமுள்ளவர் எய்தால் அம்பு இடப்புறம் விலகும். தண்டு மிகத் துவண்டிருந்தால் அளவுக்கு மீறி வளைந்து வலப்புறம் விலகும். இடக்கைப் பழக்கமுள்ளவருக்கு இவை தலைகீழாகும். அரபியரும் துருக்கியரும் கைக்கொண்ட முறைப்படி கட்டைவிரல் வளையத்தால் நாணை இழுத்து, அம்பை வில்லின் மறுபுறத்தில் வைத்து எய்பவர்களுக்கும் திசை மாறிவிடும்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றே. விறைப்பு என்பது அம்பின் தரம் அன்று, அதன் பொருத்தம். மிக விறைப்பான அம்பு மிகச் சிறந்த அம்பு எனக் கருதுவது, மிகப் பெரிய செருப்பு மிகச் சிறந்த செருப்பு எனக் கருதுவதற்கு ஒப்பாகும்.

விறைப்பு எங்கிருந்து வருகிறது?

ஒரு தண்டின் விறைப்பை மூன்று காரணிகள் முடிவு செய்கின்றன. ஒன்று, அது எந்தப் பொருளால் ஆனது என்பது. இரண்டு, அதன் பருமன். மூன்று, அதன் நீளம். இவற்றுள் பலரும் பொருளை மட்டுமே கேட்கின்றனர். உண்மையில் பருமனும் நீளமும் அதைவிட வலியவை.

பருமன் இரு மடங்கானால் விறைப்பு இரு மடங்காவதில்லை, பதினாறு மடங்காகிறது. பருமனைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினாலே விறைப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். நீளத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், அதே பாரத்திற்குத் தண்டு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தொய்யும். முனையில் கனமான கூர் பொருத்தினால், எய்யும்போது தண்டு இன்னும் அதிகமாக வளையும். அம்பை வெட்டிக் குறுக்கினால் அது விறைப்படையும் என்பதையும், கூரின் எடையைக் கூட்டினால் துவளும் என்பதையும் இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

பொருளின் பங்கு முக்கியமாகத் தெரிவது எடையில்தான். அம்பு செய்யப் பயன்படும் இலேசான மரத்தின் விறைப்பெண்ணைச் சுமாராக 10 எனக் கொண்டால், கண்ணாடி இழைத்தண்டு 40, அலுமினியம் 70, கார்பன் இழைத்தண்டு 130 என்னும் அளவில் இருக்கும். இவற்றைப் பார்த்தவுடன் மரம் மிகப் பின்தங்கியதாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றையும் அதன் அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். மரம் 25, கண்ணாடி இழை 21, அலுமினியம் 26, கார்பன் 80. எடைக்கு எடை நிறுத்தால் மரமும் அலுமினியமும் ஏறக்குறையச் சமமே! பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் மரத்தையும் நாணலையும் மூங்கிலையும் நம்பியதற்குக் காரணம் அறியாமை அன்று. படைத்தவன் அவற்றில் வைத்த அமைப்பு அத்தகையது.

மூங்கில், மரம், நாணல்

மூங்கில் இயற்கையாகவே அமைந்த ஒரு குழாய். அதன் வலிய இழைகள் வெளிப்புறத் தோலை ஒட்டியே நெருக்கமாக அமைந்துள்ளன. வளைவைத் தாங்குவது வெளிப்புறமே என்பதால் இது மிகச் சிறந்த அமைப்பு. மூங்கில் தண்டைச் சீவும்போது, கணுக்களை மட்டும் மட்டப்படுத்தி, தோலை இயன்றவரை காப்பாற்ற வேண்டும் என்பது இதனால்தான். நாணலும் இவ்வாறே. எழுதுகோலாகி மறைவசனங்களைப் படியெடுக்க உதவிய அதே நாணல்தான், பழைய காலத்தில் அம்புத் தண்டாகவும் பயன்பட்டது.

நம் கடற்கரையில் மிகுதியாக வளரும் சவுக்கு உறுதியானது, ஆனால் கனமானது. அம்பு செய்தால் பாரம் மிகுந்து, சிறிய வில்லிலிருந்து தொலைவு செல்லாமல் தாழ்ந்துவிடும். அம்புக்குத் தேவைப்படுவது தேவதாரு, பைன் போன்ற இலேசான, நேரான இழையோட்டமுள்ள மரம். இஸ்தான்புல்லில் 1453க்குப் பின் அமைக்கப்பட்ட ஓக்மைதான் என்னும் அம்புத் திடலில், துருக்கிய வில்லாளர்கள் தொலைவுப் போட்டிகளுக்குப் பைன் மர அம்புகளையே பயன்படுத்தினர். நடுவில் பருத்தும் இரு முனைகளிலும் மெலிந்தும் இருக்குமாறு அவற்றைச் செதுக்கினர். வளைவு மிகுதியாக நேரும் இடம் நடுப்பகுதி. அங்கே மட்டும் பருமனை வைத்து, மற்ற இடங்களில் எடையைக் குறைத்தனர். அத்தகைய அம்புகள் 800 மீட்டருக்கும் அப்பால் சென்றதற்கான நினைவுக்கற்கள் அங்கே நாட்டப்பட்டன. மம்லூக் ஆட்சிக் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில், தைபுகா என்பவர் அரபு மொழியில் எழுதிய வில்வித்தை நூலும் வில், நாண், அம்பு ஆகியவற்றின் பொருத்தத்தை விரிவாகப் பேசுகிறது. லேதம், பேட்டர்சன் ஆகியோர் 1970இல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டனர்.

நம் மண்ணின் முன்னோரும் இத்தகைய நுட்பத்தை அறியாதவர்கள் அல்லர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலில், புதுக்கோட்டை திவான் வளரியைப் பற்றி அளித்த விவரம் உள்ளது. கடின மரத்தாலும் சில வேளை இரும்பாலும் செய்யப்பட்ட அந்தப் பிறை வடிவ எறிகருவியின் ஒரு முனை மறுமுனையைவிடக் கனமாக இருக்கும். எடை எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டே கருவி செய்தனர் என்பதற்கு இது சான்று.

மரத்திற்கும் மூங்கிலுக்கும் உள்ள குறை இரண்டு. ஒரே மரத்தில் எடுத்த இரு தண்டுகள்கூட ஒரே விறைப்பில் அமைவதில்லை. மேலும், ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தைக் குடித்து அவை கோணிக்கொள்ளும்.

அலுமினியமும் கார்பனும்

முதற்குறையைத் தீர்க்க முனைந்தவர் அமெரிக்காவின் டக் ஈஸ்டன். 1922இல் தேவதாரு அம்புகள் செய்து தொழில் தொடங்கிய அவர், ஒன்றைப்போல் மற்றொன்று அமையாததால் சலிப்புற்று, 1939இல் அலுமினியக் குழாயால் அம்பு செய்தார். 1941இல் அந்நாட்டுத் தேசிய வாகையர் போட்டியில் லாரி ஹியூஸ் அலுமினிய அம்புகளால் வென்றார். அலுமினியத்தின் சிறப்பு அதன் விறைப்பு அன்று. பன்னிரண்டு அம்புகளும் ஒன்றுபோல் இருப்பதே. அதில் 1816 என்று அச்சிட்டிருந்தால், குழாயின் விட்டம் ஓர் அங்குலத்தின் அறுபத்து நான்கில் 18 பங்கு, சுவரின் தடிமன் ஆயிரத்தில் 16 பங்கு என்று பொருள். குறை என்னவெனில், கல்லில் பட்டால் வளைந்துவிடும்.

கார்பன் இழைத்தண்டு மெலிதாகவும் இலேசாகவும் இருந்தும் விறைப்பாக நிற்கும். மெலிந்த தண்டைக் காற்று குறைவாகவே தள்ளும் என்பதால் 70 மீட்டர் தொலைவிலிருந்து எய்யும் ஒலிம்பிக் வீரர்கள், அலுமினியக் குழாயின்மேல் கார்பன் சுற்றிய அம்புகளை விரும்புகின்றனர். ஆனால் பத்துப் பதினைந்து மீட்டரில் பழகும் பிள்ளைக்கு அந்த நன்மை பெரிதாகக் கிடைப்பதில்லை. கண்ணாடி இழை அம்பு கனமானது, தொலைவு குறையும், எனினும் விலை மலிவு, எளிதில் உடையாது. தொடக்கப் பயிற்சிக்கு அதுவே போதுமானது.

எண்ணைப் படிக்கும் முறை

இங்கேதான் என் மைத்துனர் ஏமாந்தார். கார்பன் அம்பில் அச்சிடப்படும் எண் விறைப்பைக் குறிப்பதன்று, தொய்வைக் குறிப்பது. 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவே 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால், அது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு தொய்கிறதோ அதுவே அந்த எண். எனவே 400 என்பது மிக விறைப்பானது. 1000 என்பது துவள்வது. எண் ஏற ஏற விறைப்பு இறங்கும்.

மர அம்பில் வழக்கம் நேர்மாறு. அதில் 26 அங்குல இடைவெளியில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, 26ஐத் தொய்வின் அங்குலத்தால் வகுக்கின்றனர். தொய்வு 0.65 அங்குலம் எனில் விடை 40. அது 40 பவுண்டு வில்லுக்குரிய தண்டு என்பர். இங்கே எண் ஏற ஏற விறைப்பும் ஏறும். இதே தண்டைக் கார்பன் கணக்கில் அளந்தால் ஏறத்தாழ 790 வரும். இரு கணக்குகளையும் குழப்பிக்கொண்டால் பணம் வீண்.

பொதுவாக 20 பவுண்டு வில்லில் எய்யும் சிறுவருக்கு 1000 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணும், 40 பவுண்டு வில்லில் எய்யும் பெரியவருக்கு 500, 600 என்னும் எண்ணும் பொருந்தும். அம்பின் நீளத்திற்கேற்ப இது மாறும் என்பதால், விற்பவரிடம் உள்ள பொருத்த அட்டவணையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டிலேயே அளக்கலாம்

அச்செண் இல்லாத மூங்கில் அம்பையும் நீங்களே அளந்து பார்க்கலாம். சம உயரமுள்ள இரு நாற்காலிகளை, அம்பைத் தாங்கும் விளிம்புகளுக்கு இடையே 71 செண்டிமீட்டர் இருக்குமாறு வையுங்கள். தண்டை அவற்றின்மேல் கிடத்துங்கள். ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியில், மளிகைக் கடைத் தராசில் 880 கிராம் நிற்கும்வரை நீர் நிரப்பி, தண்டின் நடுவே நூலால் மெல்லத் தொங்கவிடுங்கள். தண்டின் நடுப்பகுதி எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று அளவுகோலால் பாருங்கள். அதை 40ஆல் பெருக்கினால் கார்பன் எண் ஏறத்தாழக் கிடைத்துவிடும். எங்கள் அம்பு 10 மில்லிமீட்டர் மட்டுமே இறங்கியது. 20 பவுண்டு வில்லுக்கு 25 மில்லிமீட்டர் அளவாவது இறங்க வேண்டும் என்றார் நண்பர்.

அவர் மற்றொரு சோதனையும் செய்து காட்டினார். ஓர் அம்பின் இறகுகளை நீக்கிவிட்டு, இறகுள்ள அம்புகளோடு சேர்த்து எய்யச் சொன்னார். இறகு தவற்றைத் திருத்தும். இறகில்லாத தண்டு உள்ளதை உள்ளபடி காட்டும். அது இறகுள்ளவற்றைவிட இன்னும் இடப்புறம் தள்ளித் தைத்தது. ஐயம் தீர்ந்தது.

காப்பதும் கடமை

இறைத்தூதர் (ஸல்) அவர்கள், பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளுடன் செல்பவர், எவருக்கும் காயம் நேராதிருக்க அவற்றின் கூர்முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தியது புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களில் உள்ளது. உயிருள்ளவற்றை இலக்காக நிறுத்துவதையும் தடுத்தார்கள். அந்த வழியில் பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

கார்பன் அம்பு வெளியே தெரியாமல் உள்ளுக்குள் விரிசல் காணும். எய்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் இரு முனைகளையும் பிடித்து, முகத்திலிருந்து விலக்கி, மெல்ல வளைத்துத் திருகிப் பாருங்கள். நெரியும் ஓசை கேட்டால் உடைத்து எறிந்துவிடுங்கள். அத்தகைய அம்பு நாண் விடும்போது சிதறி, அதன் இழைகள் கையில் பாயக்கூடும். மூங்கிலிலும் மரத்திலும் பிளவைத் தேடுங்கள். அலுமினியத்தைச் சமதளத்தில் உருட்டிக் கோணலைப் பாருங்கள்.

விறைப்பை மாற்றுவதற்காக அம்பைக் குட்டையாக வெட்டாதீர்கள். பிள்ளை முழுமையாக இழுத்த நிலையில், அம்பு வில்லைத் தாண்டி இரண்டு அங்குலமாவது முன்னே நீண்டிருக்க வேண்டும். பிள்ளைகள் வளர்கிறார்கள், கையும் வளர்கிறது. சென்ற ஆண்டு போதுமானதாக இருந்த அம்பு, இவ்வாண்டு இழுக்கும்போது உள்ளே விழுந்து வில் பிடித்த கையையே துளைத்துவிடலாம். பெரியவர் ஒருவர் உடனில்லாமல் பிள்ளைகள் எய்யவே கூடாது.

கொடுப்பவரின் பங்கு

எங்கள் வீட்டில் 1000 எண்ணுள்ள, விலை குறைந்த ஆறு அம்புகள் வந்தன. வந்த அன்றே எல்லாம் நடுவில் தைத்துவிடவில்லை. சில மேலே, சில கீழே, ஒன்று வைக்கோலுக்கு வெளியே. ஆனால் ‘டக்’கென்ற ஓசை நின்றது, ஒரே பக்கமாக விலகுவதும் நின்றது. இனி நேரும் தவறு அவனுடையது, பயிற்சியால் திருந்தக்கூடியது. முன்னர் நேர்ந்தது எங்களுடையது. அதற்கான கடிந்துரையை அவன் சுமந்தான். அன்று மஃரிபு தொழுகைக்குப் பின் அவனை அருகில் அழைத்து, “அத்தா தெரியாமல் ஏசிவிட்டேன்” என்றேன். அவன் தலைகுனிந்து சிரித்தான். மைத்துனரும் தொலைபேசியில் தன் பங்கைச் சொல்லிக்கொண்டார்.

காஷ்மீரத்தின் கிஷ்த்வார் பகுதியில் கைகளின்றிப் பிறந்த ஷீத்தல் தேவி, காலால் வில்லைத் தாங்கி, தோளால் நாணை இழுத்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் இணைந்து வெண்கலம் வென்றார். அவருடைய உழைப்பு முதன்மையானது. ஆயினும், அவருடைய உடலுக்கு ஏற்பக் கருவியை அமைத்துக் கொடுத்தவர்களும் இருந்தனர். கருவிக்கு ஏற்ப உன் உடலை மாற்றிக்கொள் என்று அவர்கள் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும்?

உஹதுப் போரின்போது பெருமானார் (ஸல்) அவர்கள் தம் அம்பறாத் தூணியிலிருந்த அம்புகளை ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்காக எடுத்துப் போட்டார்கள் என்பது வரலாறு. எடுத்துக் கொடுத்தல் சிறிய செயல் அன்று. வாசகர்களே, உங்கள் மகனோ மகளோ இலக்கைத் தவறவிட்டால், கடிந்துகொள்வதற்கு முன் நீங்கள் கொடுத்த அம்பை ஒருமுறை வளைத்துப் பாருங்கள்.